அப்பாவின் கணக்கு நோட்டில் வராமல் போன ‘பாய்’ யார்?

கேட்டவர்: லாட்ஜ்காரர் மகள், வேலூர்

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்தில் எங்களுக்குப் பதினோரு அறை கொண்ட சிறிய லாட்ஜ் இருக்கிறது. அப்பா தொடங்கியது, இப்போது நான் நடத்துகிறேன். சென்ற மாதம் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே அவருடைய கணக்கு நோட்டுகள் இருந்தன. சிவப்புத் துணி அட்டை, நீளவாக்கில் தைத்தவை. 1976-ஆம் ஆண்டு நோட்டை நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பா சுருக்கமாக எழுதுபவர். ஓர் இடத்தில் “பாய் 6 வந்தது” என்று இருக்கிறது. நோயாளிகளோடு வரும் உறவினர் தரையில் படுப்பதற்குக் கோரைப் பாய் வாடகைக்குக் கொடுப்போம், அதுதான். அடுத்த வரி, “பாய்க்கு 42 ரூபாய் கொடுத்தது.” இது பாயின் விலையா, பாய் கொண்டுவந்த பாய்க்குக் கொடுத்த பணமா? எங்களுக்குப் பாய் கொடுத்தவர் லாங்கு பஜாரில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். வந்தவாசியிலிருந்து கட்டுக்கட்டாக இறக்குவார். அப்பா அவரை “வாருங்கள் பாய்” என்றுதான் வரவேற்பார். எனக்கு அப்போது எட்டு வயது. புதுப் பாயை விரித்து, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை ஒரு முறை வருடுவார். பாவு நூல் இறுக்கமாக இருந்தால் ‘ட்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராத பாயை அவரே சுருட்டித் திரும்ப எடுத்துக்கொள்வார். சாயங்காலத்தில் வாசல் பெஞ்சில் அப்பாவோடு உட்கார்ந்து டீ குடிப்பார்.

இன்னொரு பக்கத்தில் “பாய் 4-ஆம் நம்பருக்கு வெந்நீர் கொண்டுபோனான்” என்று இருக்கிறது. இது ரூம் பாய்.

இனி என் கேள்வி. ஆடி 9-ஆம் தேதி, வரவு செலவெல்லாம் கூட்டிக் கோடு போட்ட பிறகு, அடியில் “பாய் வரவில்லை” என்று ஒரு வரி. மறுநாளும் அதே வரி. ஆடி 27 வரைக்கும் பத்தொன்பது நாள், ஒரு நாள் விடாமல் “பாய் வரவில்லை.” பிறகு நின்றுவிடுகிறது. வராதது யார், அல்லது எது? அம்மாவும் இல்லை, கேட்பதற்கு யாரும் இல்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றும் தெரிந்துகொள்ள ஆசை. இத்தனை பாயும் ஒரே சொல்லா, வேறு வேறா? சிப்பாய், ரூபாய் என்று முடிகிற சொற்களில் இருப்பதும் இந்தப் பாய்தானா? எங்கள் லாட்ஜில் இன்றைக்கும் வங்காளத்திலிருந்து வருகிற குடும்பங்கள்தான் அதிகம். மாடியில் நின்று “பாய்” என்று குரல் கொடுப்பார்கள். அவர்கள் மொழியில் தம்பி என்று பொருளாம். கீழே இருக்கும் எங்கள் பையன் தன்னை ரூம் பாய் என்று கூப்பிடுவதாக எண்ணிப் படியேறுகிறான். கூப்பிட்டவர் ஒரு சொல்லைச் சொல்ல, இவன் வேறொரு சொல்லைக் கேட்க, தண்ணீர் மட்டும் சரியாகப் போய்ச் சேருகிறது.

பதில்: ஆம்பூர்த் தோல் வியாபாரி

சலாம் அம்மா. வீட்டில் உருது, கடையில் தமிழ் என்று ஐம்பது வருடமாக வாழ்பவன் என்பதால் சொல்கிறேன்.

எங்களைக் கூப்பிடும் ‘பாய்’ உருதுவில் ‘பாயீ’. கடைசி ஈகாரம் நன்றாக நீளும். முதல் எழுத்தில் ஒரு மூச்சும் கலந்து வரும். தமிழ் அந்த மூச்சையும் எடுத்துவிட்டது, வாலையும் நறுக்கிவிட்டது. பொருள் சகோதரன். சமஸ்கிருதத்தில் ‘ப்ராத்ரு’ என்று இருந்தது பிராகிருதத்தில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. பாரசீகத்தின் ‘பிராதர்’, ஆங்கிலத்தின் ‘பிரதர்’, லத்தீனின் ‘ஃப்ராத்தேர்’ எல்லாம் அதே குடும்பம். உங்கள் வங்காள விருந்தினர் மாடியிலிருந்து சொல்வதும் இதே சொல்தான். ஆனால் வங்காளத்தில் மூத்தவரை ‘தாதா’ என்பார்கள். ‘பாய்’ என்றால் பெரும்பாலும் இளையவன்.

என்னைப் பாய் என்று அழைக்கிற ஒவ்வொரு தமிழரும் என்னைச் சகோதரன் என்றுதான் அழைக்கிறார். அழைக்கிறவர்கள் பலருக்கு இது தெரியாது. முஸ்லிம் என்பதற்கு அது ஒரு பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மகன் பள்ளியில் படித்தபோது கூடப் படித்தவர்கள் பெயரை விட்டுவிட்டு ‘பாய்’ என்று கூப்பிட்டதில் முகம் வாடி வீட்டுக்கு வந்தான். பொருளைச் சொன்னேன். மறுநாள் அவன் அவர்கள் எல்லோரையும் திருப்பிப் பாய் என்று கூப்பிட்டிருக்கிறான். என் மனைவியைப் ‘பாயம்மா’ என்பார்கள். அந்தச் சொல் உருதுவில் கிடையாது, தமிழ்நாட்டிலேயே பிறந்தது.

இப்போது வேறொரு பாய். பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால், பாதம். இதற்கு மூச்சுக் கலப்பு இல்லை. ‘பல்’ என்று சொல்லும்போது வருகிற அதே சுத்தமான ப. ஞாயிற்றுக்கிழமை காலையில் இடியாப்பத்தோடு சாப்பிடுகிற பாயா இதிலிருந்து வந்ததுதான். ஆட்டுக்காலைத் தீயில் வாட்டி, மயிரைச் சுரண்டி, இரவு முழுக்கச் சின்னத் தீயில் விட்டால் காலையில் குழம்பு விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் அது பாயா இல்லை. பைஜாமாவின் முதல் பாதியும் இதே கால்தான். ‘ஜாமா’ என்றால் உடை. பாரசீகத்தில் தலைநகருக்குப் பெயர் ‘பாய்தக்த்’, சிம்மாசனத்தின் காலடி. சமஸ்கிருதத்தின் ‘பாதம்’, ஆங்கிலத்தின் ‘ஃபுட்’ இரண்டும் இதற்கு உறவு.

அம்மா, உங்கள் நோட்டில் ‘சார்பாய்’ என்று எங்காவது இருந்தால் அதைப் பாய்க் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ‘சார்’ நான்கு, ‘பாய்’ கால். நான்கு கால் உள்ள கயிற்றுக் கட்டில். அதன்மேல் நீங்கள் பாய் விரிக்கலாம். இரண்டுக்கும் உறவு அவ்வளவுதான்.

சிப்பாய்க்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை, காலுக்கும் இல்லை. பாரசீகத்தில் ‘சிபாஹ்’ என்றால் படை. படையில் இருப்பவன் ‘சிபாஹீ’. நடுவில் இருந்த ஹகாரம் தேய்ந்து யகாரமாகித் தமிழில் சிப்பாய் ஆனது. 1806 ஜூலை 10 விடியும் முன் உங்கள் ஊர்க் கோட்டைக்குள் எழுந்தவர்களை அந்தச் சொல்லால்தான் இன்றும் சொல்கிறோம். ரூபாய் இன்னொரு வழி. ‘ரூப்ய’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது, வெள்ளி என்று பொருள்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். என் கணிப்பில் வராதது ரூம் பாய். நானும் ஆட்களுக்குச் சம்பளம் போடுகிறவன். ஒருவன் வராத நாளைக் கணக்கு நோட்டில் குறிக்காமல் விட்டால் மாதக் கடைசியில் சண்டை வரும். கணக்குப் பிள்ளை மனது அப்படித்தான் வேலை செய்யும்.

பதில்: குடியாத்தம் தறி

எங்கள் வீட்டுத் தெலுங்கில் பாயைப் ‘பாய்’ என்று சொல்வதில்லை, ‘சாப’ என்போம். கப்பலில் கட்டும் பாய்க்குத் தெலுங்கில் ‘தெரசாப’. திரையாகத் தொங்கும் பாய் என்று பொருள். சொல் வேறாக இருந்தாலும் தமிழ் நினைத்ததைத்தான் தெலுங்கும் நினைத்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்து ‘பாய்’ பற்றி ஒரு செய்தி. பல்லக்குத் தூக்குகிறவர்களைத் தெலுங்கில் ‘போயி’ என்பார்கள். துரைமார் அதைத் தங்கள் மொழியின் ‘பாய்’ என்ற சொல்லாகவே கேட்டு, அப்படியே எழுதியும் வைத்தார்கள். 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி வேலைக்காரன் என்ற பாயையும் பல்லக்குப் போயியையும் ஒரே தலைப்பில் வைத்து, இரண்டாவதற்கு மூலம் வேறு என்று பிரித்துச் சொல்கிறது. நரைத்த தலையோடு பல்லக்கைச் சுமந்தவரையும் துரை ‘பையன்’ என்று கூப்பிட்டதாக ஆகிவிட்டது. எனக்கு இதை நினைத்தால் மனம் கசக்கிறது.

பதில்: ஆரணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, உங்கள் அப்பாவின் வரிகளை வகுப்பில் பாடமாகவே நடத்தலாம்.

முதலில் நம் சொந்தப் பாய். படுக்கும் பாய், கப்பல் பாய் இரண்டும் தமிழில் ஒரே சொல். ஏனென்றால் பின்னிய விரிப்பையே ஒரு காலத்தில் பாய்மரத்தில் ஏற்றிக் கட்டினார்கள். புறநானூற்றின் 30-ஆம் பாட்டில் காவிரிப்பூம்பட்டினத்துக்குள் பெருங்கப்பல் நுழைகிறது: “கூம்பொடு மீப்பாய் களையாது”. கூம்பு என்றால் பாய்மரம், மீப்பாய் என்றால் அதன்மேல் விரித்த பாய். ஆற்றுமுகத்தில் ஆழம் இருந்ததால் பாயை இறக்காமலே உள்ளே வந்துவிட்டது என்று சோழனின் துறைமுகத்தைப் புகழ்கிறார் புலவர். உங்கள் லாட்ஜில் ஆறு வந்தது என்று எழுதியிருக்கும் பொருளும் அந்தக் கப்பலில் காற்று வாங்கிய பொருளும் ஒரே பெயரோடு இருக்கின்றன.

மலையாளத்தில் படுக்கிற பாய் ‘பாய’. கன்னடத்தில் கப்பல் பாய் ‘ஹாயி’. கன்னடம் நம்முடைய சொல்முதல் பகரத்தை ஹகாரமாக்கிவிடும்: பால் ‘ஹாலு’, பத்து ‘ஹத்து’, புலி ‘ஹுலி’. அதே கணக்கில்தான் பாய் ஹாயி ஆகிறது. இப்படி ஒரு வாய்பாட்டில் அடங்கி வந்தால் உறவு என்று நம்பலாம். வெறும் ஒலி ஒற்றுமையை வைத்து நம்பக் கூடாது.

பிறகு வினைச்சொல். புலி பாய்கிறது, மடை திறந்தால் வயலில் தண்ணீர் பாய்கிறது. இதுவும் தமிழின் சொந்தச் சொத்து. கன்னடத்தில் மாடு முட்டப் பாய்வதை ‘ஹாயு’ என்பார்கள். அதே பகரம், அதே ஹகாரம்.

பெண்பாலிலும் ஒரு பாய் இருக்கிறது. எங்கள் ஆரணியின் ஜாகிர்தார்கள் மராட்டி பேசியவர்கள். மராட்டியில் ‘பாயீ’ என்றால் பெண்மணி, மரியாதையாகச் சொல்வது. ஜான்சி ராணி லட்சுமிபாய் என்று எழுதுகிறோமே, அந்தப் பாய். ஆம்பூர் நண்பர் சொன்ன பாய் ஆணுக்கு, இது பெண்ணுக்கு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப.

குற்றம் எழுத்துடையது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். தமிழ்ச் சொல்லின் முதலில் பகரம் வந்தால் அது வல்லோசைதான். அதனால் நம் முன்னோருக்கு ஒரே ப போதுமானதாக இருந்தது. பஸ், பயம் என்று வெளியிலிருந்து வந்த சொற்கள் வேறு ஓசையோடு வந்து அதே எழுத்தில் தங்கிக்கொண்டன. வாயால் சொல்லும்போது வேலூரில் யாரும் படுக்கும் பாயையும் கடைக்காரப் பாயையும் குழப்பிக்கொள்வதில்லை. தாளில் எழுதும்போதுதான் எல்லோரும் ஒரே சட்டை போட்டுக்கொள்கிறார்கள்.

இனி அந்தப் பத்தொன்பது நாள். உங்கள் சிக்கல் ‘பாய்’ என்ற சொல்லில் இல்லை, ‘வரவில்லை’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுக்கும். வந்தது என்றால் பொருள். வந்தார் என்றால் பெரியவர். வந்தான் என்றால் பையன். உங்கள் அப்பா எல்லா இடத்திலும் இதைச் சரியாக எழுதியிருக்கிறார். ஆனால் ‘இல்லை’ எதையும் காட்டாது. நான் வரவில்லை, அவர் வரவில்லை, அவன் வரவில்லை, பாய்க்கட்டு வரவில்லை; எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்.

எதிர்மறையிலும் ஆளைக் காட்டும் வடிவம் ஒன்று இருக்கிறது. வராது, வரமாட்டான், வரமாட்டார். இந்த மூன்றில் ஒன்றை அப்பா எங்காவது எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். நாள் கணக்கில் மட்டும் பார்க்காமல் ஓரம், அட்டை உள்பக்கம், கடைசித் தாள் எல்லாம் பாருங்கள். கணக்கு எழுதுகிறவர்கள் கணக்கில் சேராததை அங்கேதான் எழுதுவார்கள். அந்தப் பத்தொன்பது நாளில் வெந்நீரை யார் கொண்டுபோனார்கள் என்பதையும் பாருங்கள்.

பதில்: காட்பாடிப் பெண், இப்போது புதுச்சேரி

பிரெஞ்சிலும் ‘பாய்’ என்று ஒரு சொல் இருக்கிறது ஐயா! வைக்கோல் என்று பொருள். வைக்கோல் திணித்த மெத்தைக்கு ‘பாயாஸ்’. நம் கோரைப் பாய்தான் புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறிப் போயிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. படுக்கை, புல், உச்சரிப்பு மூன்றும் பொருந்துகின்றனவே?

பதில்: ஆரணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மூன்றும் பொருந்துவதால்தான் மகளே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் லத்தீனின் ‘பலேயா’, உமி, பதர் என்று பொருள். பிரெஞ்சு எழுத்தில் அந்த லகரம் இன்னும் நிற்கிறது. வாயில்தான் யகரமாகக் கரைந்துவிட்டது. நம் பாயில் லகரம் என்றைக்கும் இருந்ததில்லை. இரண்டு ஆறுகள் ஒரே நிறத்தில் ஓடுவதால் ஒரே மலையில் பிறந்தவை ஆகிவிடாது. போர்த்துகீசியத்திலும் தந்தையைப் ‘பாய்’ என்பார்கள். ‘பாத்ரெ’ என்பதன் சுருக்கம். அந்த நீண்ட வடிவம் தமிழுக்குப் பாதிரியாக வந்தது, சுருங்கிய வடிவம் வரவில்லை.

மீண்டும்: லாட்ஜ்காரர் மகள், வேலூர்

ஐயா, கிடைத்துவிட்டது. நேற்று இரவு பார்த்தேன். இன்று காலையில்தான் எழுத முடிந்தது.

முதலில் வெந்நீர். ஆடி 12, “பாய் 7-ஆம் நம்பருக்கு வெந்நீர் இரண்டு நடை கொண்டுபோனான்.” ஆடி 17, “பாய் சம்பளம் 30 வாங்கினான்.” ஆகவே ஆம்பூர்ப் பெரியவர் மன்னிக்க வேண்டும், ரூம் பாய் அந்தப் பத்தொன்பது நாளும் வேலையில்தான் இருந்திருக்கிறான். ஆடி 20 அன்று, “பாய் 4 வந்தது, கடைப் பையன் போட்டுவிட்டுப் போனான்.” ஆகவே படுக்கும் பாயும் வந்திருக்கிறது. அன்றைக்கும் கோட்டுக்கு அடியில் “பாய் வரவில்லை.”

நீங்கள் சொன்னபடி கடைசித் தாளைப் பார்த்தேன். பால் கணக்கும், சலவைக்காரருக்குப் போட்ட துணி எண்ணிக்கையும், திருப்பதி போக எடுத்த பஸ் டிக்கெட் விலையும் அதில் இருந்தன. நான் முன்பே புரட்டிய தாள்தான். பால் கணக்கு என்று தாண்டிவிட்டேன். கீழ் மூலையில், பென்சிலில், “ஆடி 28. பாய் இனி வரமாட்டார்.”

வரமாட்டார் என்றுதான் இருக்கிறது. நோட்டு முழுக்கத் தேடிவிட்டேன். ரூம் பாயை அப்பா ஓர் இடத்தில்கூட ‘ஆர்’ போட்டு எழுதவில்லை. கடைக்காரரை ‘ஆன்’ போட்டு எழுதவும் இல்லை. அவருக்கு வாங்கல் கொடுக்கல் எதுவும் பாக்கி இல்லை. 42 ரூபாய் அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது, 20-ஆம் தேதி வந்த நான்குக்குக் கடைப் பையன் கையிலேயே 28 ரூபாய் போயிருக்கிறது. பணத்துக்காக எழுதிய வரி அல்ல அது. சாயங்காலம் பெஞ்சில் டீ குடிக்க வருகிறவர் வரவில்லை என்பதை, எழுதுவதற்கு வேறு நோட்டு இல்லாததால், அப்பா இதிலேயே எழுதியிருக்கிறார்.

எனக்கும் மங்கலாக ஒன்று நினைவு வருகிறது. ஒரு நாள் அப்பா என்னை அம்மாவிடம் விட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் லாங்கு பஜார் பக்கம் போனார். திரும்பி வந்ததும் குளிக்காமல், சாப்பிடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஏதோ கேட்டபோது “அண்ணன் மாதிரி” என்று சொன்னது காதில் இருக்கிறது. ஆம்பூர்ப் பெரியவர் அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதியதைப் படித்தபோது அந்தக் குரல் திரும்பக் கேட்டது. அப்பாவுக்கு உருது தெரியாது.

1976-க்கு அடுத்த நோட்டையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆவணிக்குப் பிறகு பாய் வாங்கிய கணக்கே இல்லை. “ஜமுக்காளம் 6”, “ஜமுக்காளம் 4” என்றுதான் இருக்கிறது.